தீவிரவாதத் தடுப்புத் திட்டங்களால் பலன் உண்டா என்று எப்படி அளப்பது?

அப்படி ஒரு திட்டத்துக்கு இரண்டு வருடம் மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நாங்கள் அளந்தது வருகைப் பதிவேட்டைத்தான். எத்தனை பயிலரங்கு, எத்தனை இளைஞர்கள், கடைசியில் 'என் பார்வை மாறியது' என்று எத்தனை பேர் டிக் அடித்தார்கள். மூன்று நாள் பாடம் நடத்தி, சாப்பாடும் போட்டவரே தாளை நீட்டினால் 'மாறவில்லை' என்று யார் எழுதுவார்?

முதல் சிக்கல் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, 10 லட்சம் பேர் உள்ள பகுதியில் வன்முறை வரை போகக்கூடியவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 500 பேருக்குப் பயிற்சி தருகிறீர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட உங்கள் வகுப்புக்கு வந்திருக்க மாட்டார் என்பதே நடக்கக்கூடியது. ஐந்து வருடம் கழித்து 'எங்களிடம் படித்தவர் யாரும் குண்டு வைக்கவில்லை' என்கிறீர்கள். உண்மைதான். படிக்காதவர்களிலும் கிட்டத்தட்ட யாரும் வைக்கவில்லையே!

சரி, ஏற்கெனவே தீவிரவாத அமைப்புக்குள் போய்த் திரும்பியவர்களுக்கான திட்டங்கள்? அங்கே 'மறுபடி போனார்களா' என்று பார்க்கலாம். சவூதி அரேபியாவின் மறுவாழ்வுத் திட்டம் ஆரம்பத்தில் முழு வெற்றி என்றே பேசப்பட்டது. 2009-இல் அந்த அரசே வெளியிட்ட 85 பேர் கொண்ட தேடப்படுவோர் பட்டியலில் 11 பேர் அந்தத் திட்டத்திலிருந்து வெளியே வந்தவர்கள். அதில் சயீத் அல் ஷிஹ்ரி, ஏமனில் அல் காய்தா கிளையின் இரண்டாம் இடத்துக்கே போய்விட்டார். இதை வைத்துத் திட்டம் தோல்வி என்பதும் அவசரம்தான். அந்தத் திட்டமே இல்லாதிருந்தால் 11 பேர் போயிருப்பார்களா, 110 பேரா? ஒப்பிட ஆளில்லாமல் இதற்குப் பதிலில்லை.

ஒப்பிட்டுப் பார்த்த அபூர்வமான ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. இலங்கையில் 2009-க்குப் பின் விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர் அரசின் புனர்வாழ்வுத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அரி குருக்லான்ஸ்கி உள்ளிட்ட உளவியலாளர்கள், முழுத் திட்டத்தையும் பெற்றவர்களைக் குறைவாகப் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முழுதாகப் பெற்றவர்களிடம் தீவிரப்போக்கு கூடுதலாகக் குறைந்தது என்று 2018-இல் எழுதினார்கள். முறையில் எனக்குக் குறையில்லை. ஆனால் பதில் சொன்னவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? இராணுவ அதிகாரிகளின் பொறுப்பில் உள்ள முகாமில், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று காத்துக்கொண்டு. மனசில் உள்ளதையா எழுதுவார்?

இதற்கு ஒரு உத்தி உண்டு. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மூன்று சாதாரணக் கூற்றுகள். இன்னொரு பாதிக்கு அதே மூன்றோடு ஆபத்தான நாலாவது ஒன்றும். எதை ஏற்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது, எத்தனையை என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நாலாவதற்கு உள்ள ஆதரவு. யார் ஆதரித்தார் என்பது கேட்டவருக்கே தெரியாது. ஆப்கானிஸ்தானில் இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, பேச்சை விட்டுவிட்டு நடத்தையைப் பார்ப்பது. சல்மா மூசா என்ற ஆய்வாளரின் 2020 ஆய்வு தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில் வந்ததல்ல, ஆனாலும் பொருந்தும். ஐஎஸ் அமைப்பால் இடம்பெயர்ந்த ஈராக் கிறிஸ்தவர்களில் குலுக்கல் முறையில் சிலரை முஸ்லிம்களும் ஆடும் கால்பந்து அணிகளில் சேர்த்தார்கள். தொடர் முடிந்து மாதக்கணக்கான பிறகும் அவர்கள் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சிக்குப் போனார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசூலுக்குப் போய் ஓர் உணவகத்தில் சாப்பிடுவார்களா என்று பார்த்தபோது, அதில் தெளிவான மாற்றம் இல்லை. மைதானத்தில் வந்த நட்பு மைதானத்தோடு நின்றுவிட்டது. இதையே வினாத்தாளில் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள்களை இரண்டு வருடம் அடுக்கி வைத்தவன் நான்.