டேப் டிரைவின் வன்பொருள் சுருக்கத்தை அணைக்க வேண்டுமா?

காப்புப்பிரதி மென்பொருள் தரவை ஏற்கெனவே சுருக்கி அனுப்பும்போது டேப் டிரைவின் (காந்த நாடாவில் தரவை எழுதும் கருவியின்) வன்பொருள் சுருக்கத்தை, அதாவது டிரைவே தரவைச் சுருக்கி எழுதும் வசதியை, அணைத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய டிரைவ்கள் சிலவற்றில் அதற்கு நியாயம் இருந்தது. மேற்கொண்டு சுருங்காத தரவை மீண்டும் சுருக்க முயல்கையில், அது சற்றே பெருத்து டேப்பில் கூடுதல் இடம் பிடிப்பதுண்டு. எல்டிஓ (LTO) என்னும் டேப் தரநிலையைப் பின்பற்றும் டிரைவ்களின் எஸ்எல்டிசி (SLDC) என்ற சுருக்க முறையிலோ, சுருங்காத பகுதியைக் கண்டதும் அதை ஏறக்குறைய அப்படியே எழுதிவிடும் வழி உள்ளமைந்திருப்பதால், சுருக்கத்தை இயக்கத்திலேயே விட்டுவைத்தாலும் நட்டமில்லை என்பதே என் கருத்து. (விளம்பரத்தில் காணும் 30 டெராபைட்டை நம்பித் திட்டமிட வேண்டாம்: எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 டேப்பின் உண்மைக் கொள்ளளவு 12 டெராபைட்தான், மற்றது தரவு 2.5 மடங்கு சுருங்கும் என்ற அனுமானம்.)

அணைத்தே தீர வேண்டுமென்றால், லினக்ஸில் டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி (mt) கட்டளையைக் கொண்டு சுருக்க அமைப்பைச் சுழியமாக்கலாம். டிரைவை அணைத்து மீண்டும் இயக்கினால் அந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பக்கூடும் என்பதால், எழுதத் தொடங்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பு சுருக்கி எழுதிய டேப்களைப் பற்றிக் கவலை வேண்டாம். படிக்கும்போது டிரைவே அடையாளம் கண்டு விரித்துத் தந்துவிடும்.