பி.டி.ஓ. முனையில் இருப்பது என்ன? பழைய கப்ளிங் கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா காலத்து சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர் வீட்டில் இருக்கிறது. பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) முனையில் குட்டையாக ஒரு உருளை மாட்டியிருக்கிறார்கள். கையால் திருப்பினால் ஒரு பக்கம் சும்மா சுற்றுகிறது, மறுபக்கம் பிடிக்கிறது. “தேய்ந்துபோச்சு, வெல்டிங் வெச்சிடலாம்” என்கிறார் மெக்கானிக்.

பதில்: வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தேய்ந்ததல்ல, அதன் வேலையே அதுதான். பெயர் ஓவர்ரன்னிங் கப்ளிங். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு திசையில் மட்டும் இழுக்கும்.

1946 முதல் 1956 வரை வந்த அந்த வண்டியில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச். கிளட்சை மிதித்தால் இன்ஜின் விலகும், ஆனால் பி.டி.ஓ.வும் கியர்பாக்ஸும் இணைந்தேதான் இருக்கும். பின்னால் புல்வெட்டி ஓடினால், சுழலும் கத்தியின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து வண்டியையே முன்னால் தள்ளும். வரப்பு ஓரத்தில் கிளட்சை மிதித்தும் வண்டி நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தத் தள்ளலைத் தடுக்கத்தான் இந்த உருளை.

சோதிப்பது சுலபம். இன்ஜினை நிறுத்தி, வண்டியை கியரில் போட்டு, பி.டி.ஓ. லீவரையும் போட்டுவிட்டுப் பின்னால் நில்லுங்கள். உருளையின் வெளிமுனை கடிகாரத் திசையில் தாராளமாகச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் வழுக்கினால் உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். டீசலில் கழுவிப் பாருங்கள். இரு பக்கமும் இறுகினால் துரு, அல்லது உங்களுக்கு முன்பே யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள்! அப்படியானால் மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று: அந்த வண்டியின் பி.டி.ஓ. விட்டம் 1⅛ அங்குலம். இன்றைய கருவிகளுக்கு 1⅜. இந்த வகை கப்ளிங்குகள் பல அந்த அளவு மாற்றத்தையும் சேர்த்தே செய்கின்றன. ஆனால் உருளை நீளத்தைக் கூட்டிவிடும். கருவியை மேலும் கீழும் தூக்கிப் பார்த்து, கருவிக்குப் போகும் ஷாஃப்ட் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்) மிகக் குறுகும் இடத்திலும் முட்டாமல் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா என்று கவனியுங்கள். முட்டினால் அடி வாங்குவது பி.டி.ஓ. பேரிங்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த கருவியின் ஷாஃப்டில் 21 பல் இருக்கிறது. எங்கள் டிராக்டரில் 6 பல். விட்டம் ஒன்றுதான். அடாப்டர் போடலாமா?

பதில்: விட்டம் ஒன்றானாலும் வேகம் வேறு. 6 பல் 540 ஆர்.பி.எம்.முக்கு, 21 பல் 1000-க்கு. அடாப்டர் மாட்டினால் சுற்றும், ஆனால் பாதி வேகத்தில், வேலை நடக்காது. இதையே தலைகீழாகச் செய்து 540 கருவியை 1000-ல் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சதுரக் கம்பி ஷாஃப்டைக் கழற்றி மாட்டிய பிறகு உதறுகிறது. கிராஸ் (மூட்டில் இருக்கும் சிலுவை வடிவப் பாகம்) புதியது.

பதில்: கிராஸைக் குறை சொல்லாதீர்கள். குழாயின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சதுரக் கம்பி 90 பாகை தவறியும் உள்ளே போய்விடும். கழற்றித் திருப்பி மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய இன்ஜினில் மேக்னெட்டோவுக்கு (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) போகும் கப்ளிங்கில் ரப்பர் வட்டின் இரு பக்கமும் பல் எண்ணிக்கை வேறாக இருக்கிறது. தவறான பாகமா?

பதில்: சரியான பாகம்தான், நல்ல மூளைக்காரர் ஒருவர் செய்தது. ஒரு பக்கம் 19, மறுபக்கம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டை ஒரு பக்கம் ஒரு பல் முன்னும், மறுபக்கம் ஒரு பல் பின்னும் தள்ளினால் டைமிங் ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவாக மாறும். கழற்றும் முன் குறி வையுங்கள்.

கேள்வி: ஷாஃப்டில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. கடையில் கிராஸ் எப்படிக் கேட்பது?

பதில்: வெர்னியரில் இரண்டு அளவு எடுங்கள்: கப்பின் (கிராஸ் முனையில் இருக்கும் மூடி) விட்டம், எதிரெதிர் கப்புகளின் வெளிமுனை முதல் வெளிமுனை வரை நீளம். சர்கிளிப் (கப்பைப் பிடிக்கும் வளையம்) கப்பின் வெளியிலா உள்ளேயா என்பதையும் சொல்லுங்கள். 27 × 74.6 மி.மீ. வந்தால் எளிதில் கிடைக்கும். பழைய கிராஸையும் கையோடு எடுத்துப் போங்கள்.