பிள்ளைக்கு லைசன்ஸ் வந்தாச்சு, காடி வாங்கித் தரலாமா?

கே: எஸ்பிஎம் முடித்த மகனுக்கு 18 வயது. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போ கல்லூரிக்குப் போகணும். அவன் பெயரிலேயே காடி வாங்கலாமா?

ப: காடி தேவைதான். ஆனால் உங்கள் பெயரில் இருக்கட்டும், அவன் ஓட்டட்டும். சம்மன் வந்தால் உங்களுக்குத்தான் வரும். தொல்லைதான், ஆனாலும் பிள்ளை எப்படி ஓட்டுகிறான் என்று தெரிய அதைவிட நல்ல வழியில்லை. புதிதாக ஓட்டுபவர்களுக்கான பி லைசன்ஸ் 2 வருடம். அதற்குள் டிமெரிட் புள்ளி, அதாவது குற்றப் புள்ளி, அதிகம் சேர்ந்தால் லைசன்ஸ் ரத்து. சிவப்பு விளக்கை ஒருமுறை மீறினாலே 4 புள்ளி சேர்ந்துவிடும்.

செலவைப் பாருங்கள்: போய்வர 60 கிலோமீட்டர், 22 நாள் என்றால் 1,320. லிட்டருக்கு 16 ஓடும் சின்னக் காடிக்கு மாதம் 83 லிட்டர் பெட்ரோல். 1,000 சிசிக்குள் சாலை வரி வருடம் 20 வெள்ளி, 1,500 சிசிக்கு 90.

கே: இன்சூரன்ஸில் மகன் பெயரைச் சேர்த்துவிட்டோம். இருந்தும் விபத்துக்கு 400 வெள்ளி நாங்களே கட்டணும் என்கிறார்களே?

ப: சரியாகத்தான் சொல்கிறார்கள். ஓட்டியவர் 21 வயதுக்குக் கீழ் என்றாலோ பி லைசன்ஸ் என்றாலோ, பெயர் இருந்தாலும் அந்த 400 உண்டு. அதைவிடப் பெரிய அடி என்சிடிக்கு, அதாவது கிளெய்ம் போடாமல் இருந்ததற்குக் கிடைக்கும் கழிவுக்கு. கழிவுக்கு முன் பிரீமியம் 900 வெள்ளி என்று வையுங்கள். 55 விழுக்காடு கழிவில் 405 கட்டுகிறீர்கள். மகன் தவறில் ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் கழிவு பூஜ்யம், முழு 900. பம்பர் உடைந்ததற்குப் பட்டறையில் 300 கேட்டால் பேசாமல் கையிலிருந்து கொடுங்கள். முன்கண்ணாடிக்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தால், அந்தக் கிளெய்ம் என்சிடியைத் தொடாது.

கே: 16 வயதுப் பையன், மோட்டார் லைசன்ஸ் இருக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் மட்டும் காடி ஓட்டட்டுமா?

ப: வேண்டாம். காடி லைசன்ஸுக்கு 17 ஆகணும். செம்பனைக் குலை லோரியில் உரசினால் இன்சூரன்ஸ் உங்கள் காடிக்கு ஒரு காசு தராது.

கே: பழைய காடி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ப: பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை, காடி அசல்தானா என்று பார்ப்பதற்கு. எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்கணும். சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காடி. ஸ்பேர் டயர் குழியில் துரு இருக்கிறதா பாருங்கள். டயர் ஓரத்தில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23ஆவது வாரம் செய்தது. டயர் பூ தேயாமல் எவ்வளவு இருந்தாலும், அவ்வளவு பழசை மாற்றுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு எரிந்து அணையணும். எரியவே இல்லை என்றால் அந்த ரகத்தில் ஏபிஎஸ் இல்லை, அல்லது பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆரம்ப கால ஆக்சியாவின் மலிவு ரகங்களில் ஏபிஎஸ் கிடையாது. கேம்ப்ரோ எஞ்சின் சாகா என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அது அறுந்தால் வால்வுகளும் வளையும்.

கே: மகளுக்கும் வாங்கலாம் என்றால் உறவுக்காரர்கள் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள்.

ப: பேசட்டும். சாவி கொடுக்கும் முன் வீட்டு வாசலிலேயே டயர் மாற்றப் பழக்குங்கள், மகனுக்கும்தான். ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தணும். தூக்கிய பிறகு திருப்பினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், ஜாக்கியும் சரியும்.