எடை குறைந்தால் உதைப்பு கூடும்

லைசென்ஸ் கிடைத்துவிட்டது, பேன்ட் பாக்கெட்டில் வைக்க இருப்பதிலேயே லேசான .357 மேக்னம் ரிவால்வரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டு வலி வேறு இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வேண்டாம்.

லேசான துப்பாக்கி பாக்கெட்டில் சுகம், கையில் நரகம். அதில் சக்தி மிகுந்த மேக்னம் தோட்டாவைச் சுட்டால், இரண்டாவது ரவுண்டுக்கே கை தயங்கும். பயிற்சியும் அதோடு நின்றுவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் வேகத்தில், சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னே நழுவும். முனை வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும்.

மேக்னத்தைவிட உதைப்பு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா போதும். ஸ்மித் & வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் இரண்டுமே 5 ரவுண்டு, சுமார் 400 கிராம். ஹேமர், அதாவது பின்னால் இருக்கும் சுத்தி, வெளியே துருத்தாததால் துணியில் மாட்டாது. 600 கிராமைத் தாண்டும் ஸ்மித் வெஸ்ஸனின் எஃகு மாடல் 640 இடுப்பில் வைக்கத் தோதானது, உங்கள் மணிக்கட்டுக்கு அதுவே நல்லது என்பேன். அது .357 தான், ஆனால் .38 தோட்டாவையும் தாராளமாகச் சுடலாம்.

வாங்குமுன் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். 148 கிரெய்ன் (குண்டின் எடை) வாட்கட்டர் என்ற தட்டை முனைத் தோட்டாவில் தொடங்குங்கள், உதைப்பு குறைவு. டிரிகரை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர் கட்டாயம். துப்பாக்கி இருக்கும் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் போடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டும் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். மறைத்து எடுத்துச் செல்ல உங்கள் லைசென்ஸ் இடம்தருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வைத்திருக்கும் அனுமதி வேறு, அது வேறு.