வாசலில் ஒட்டிக் கிடக்கும் பச்சை வட்டம்: வாசகர் கேள்வி பதில்

திருநகர்: சார், கார்த்திகை மழைக்குப் பிறகு வாசல் மண்ணில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சையாக வட்டம் வட்டமாக ஒட்டிக் கிடக்கிறது. என்ன இது?

பக்கத்தில் காசை வைத்துப் படம் எடுத்தீர்களே, அதற்கே நன்றி. இது ரிக்சியா, ஈரல்செடி (liverwort) வகை: பூ, விதை இல்லாமல் ஈர மண்ணில் ஒட்டி வளரும் சிறு செடி. இலை, தண்டு, வேர் எதுவும் கிடையாது. தட்டையான நாடா கவட்டை கவட்டையாகப் பிரிந்து வட்டமாகிறது. ஒவ்வொரு கவட்டையின் நடுவிலும் நகத்தால் கீறிய மாதிரி ஒரு பள்ளம் ஓடும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒன்றே ஒன்றை ஊசியால் நெம்பித் திருப்பினால் அடியில் வெள்ளை மயிர்கள் தெரியும். ஒவ்வொரு மயிரும் ஒரே செல்.

மற்ற ஈரல்செடிகளில் பல, காம்பு, குடை என்று எதையாவது மேலே தூக்கிக் காட்டும். ரிக்சியா காட்டாது. ஸ்போர் (விதை போலப் பரவும் தூள்) இருக்கும் பை உடம்புக்குள்ளேயே புதைந்து, முதிர்ந்ததும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். செடி காய்ந்து மட்கினால்தான் ஸ்போர் வெளியே வரும். அடுத்த மழை வரை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அதனால் வாசலைச் சுரண்டாதீர்கள். எந்த ரிக்சியா என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்போர் மேல் உள்ள வலைக்கோலத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் சொல்வது ஜோசியம்.

சோழவந்தான்: ஈரல் நோய்க்கு மருந்தாமே?

இல்லை. வடிவம் ஈரல் மாதிரி இருந்ததால் ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் அப்படி நம்பினார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. தின்று பார்க்காதீர்கள்.

கே.கே.நகர்: கொடைக்கானலில் வாங்கிய தொட்டியில் பச்சைப் பட்டை, மேலே குட்டிக் கிண்ணங்கள்.

மார்கான்ஷியா, இதுவும் ஈரல்செடிதான். மழைத்துளி விழுந்தால் கிண்ணத்துக்குள் இருக்கும் சில்லுகள் தெறித்து, விழுந்த இடத்தில் முளைக்கும். நம்மூர் வெயிலுக்குத் தாங்குவது கஷ்டம்.

மேலூர்: போன தடவை ஈரல்செடியை 'ஈரல்பாசி' என்றீர்கள். பாசி வேறு, இது வேறு. ஆசிரியரே இப்படிச் சொல்லலாமா?

கிணற்றுப் படியில் வழுக்குகிற எல்லாமே எங்கள் அம்மாவுக்குப் பாசிதான். அந்தப் பழக்கம். ஆனால் நீங்கள் சொல்வது சரி: ஈரல்செடியில் கரு தாய்ச்செடிக்குள்ளேயே தங்கி வளரும், பாசியில் அப்படி இல்லை.

சிம்மக்கல்: ரெண்டு பேரும் எதற்குச் சண்டை? எங்கள் தெருவில் இதற்குப் பெயரே இல்லை.

அதுதான் நிஜம். யாரும் குனிந்து பார்த்ததில்லை.

மேலூர்: அப்படியானால் பழைய பதிலைத் திருத்துங்கள்.

திருத்திவிட்டேன் சார், விடுங்கள்.

செக்கானூரணி: ஈரலுக்கு மருந்தா?

சோழவந்தானுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விளாங்குடி: மொட்டை மாடியில் கொழகொழவென்று கரும்பச்சை, காய்ந்தால் கறுப்புத் தாள் மாதிரி.

நாஸ்டாக். நீலப்பச்சைப் பாசி என்பார்கள், உண்மையில் பாக்டீரியா. மேலூர்க்காரர் இதற்கும் வருவார்.

சிறுமலை அடிவாரம்: பாறை இடுக்கில் ஓரம் சுருண்டு கறுப்பாக இருந்தது, தண்ணீர் தெளித்ததும் பச்சையாக விரிந்தது. நுனியின் அடியில் கறுப்பு மட்டிச் சிப்பி மாதிரி ஒன்று. முழுசாகப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சிப்பியை வைத்துப் பார்த்தால் டார்ஜியோனியா, இன்னொரு ஈரல்செடி. ஆனால் பெயர்க்காதே என்று எத்தனை தடவை சொல்வது? காட்டிலிருந்து எடுக்க வனத்துறை அனுமதியும் வேண்டும். சரி, எடுத்தாயிற்று. பாலித்தீன் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் போட்டு, எந்தப் பாறை, எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதி வையுங்கள்.