மாய சக்தி உள்ள சிறுமி நாயகியாக வரும் நல்ல சிறுவர் சாகச நாவல் எது?

பத்து வயது மகளுக்கு ஒரு மாயாஜாலச் சாகச நாவல் வேண்டும், நாயகி சிறுமியாக இருக்க வேண்டும், கடைசியில் இளவரசனோ தாடி வைத்த மந்திரவாதியோ வந்து அவளைக் காப்பாற்றக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் டெர்ரி பிராட்செட் எழுதிய ‘தி வீ ஃப்ரீ மென்’. 2003இல் வந்த ஆங்கில நாவல். நாயகி டிஃபனி ஏக்கிங்குக்கு ஒன்பது வயது. ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவள். வெண்ணெய் எடுப்பதிலும் பாலாடைக்கட்டி செய்வதிலும் கெட்டிக்காரி. மந்திரக்கோல் கிடையாது, அவள் ஆயுதம் இரும்பு வாணலி.

முதல் அத்தியாயத்திலேயே அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடும். குட்டித் தம்பி வென்ட்வொர்த்தோடு ஆற்றங்கரையில் இருக்கிறாள். தண்ணீரிலிருந்து பச்சைப் பல் பூதம் ஒன்று பாய்கிறது. தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். வேறு கதையாக இருந்தால் பெரியவர்கள் யாரையாவது கூப்பிடுவாள். இவள் வீட்டிலிருக்கும் தேவதைக் கதைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அந்தப் பூதத்துக்கு சூப் தட்டு அளவு கண்கள் என்று அதில் போட்டிருக்கிறது. சரி, சூப் தட்டு எவ்வளவு பெரிது? அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து அளக்கிறாள். 8 அங்குலம். பார்த்ததும் படித்ததும் ஒத்துப்போகின்றன என்று உறுதியான பிறகு, ஒரு பை மிட்டாயும் வாணலியும் எடுத்துக்கொண்டு அதே கரைக்குத் திரும்புகிறாள். மிட்டாயோடு தம்பியைக் கரையில் உட்கார வைத்து, பூதம் எழும்பியதும் ஓங்கி ஒரு அடி.

என் அக்கா மகளுக்கு இதை வாசித்துக் காட்டியபோது, அவள் எழுந்து போய் ஸ்கேல் எடுத்து வந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டை அளந்தாள். “சித்தி, இதுவும் கிட்டத்தட்ட அதே அளவு!” என்று கண்ணை விரித்தாள். ஒரு கதை குழந்தையை எழுந்து போய் அளக்க வைக்கிறது என்றால், அதற்கு மேல் நான் என்ன பரிந்துரை எழுத வேண்டும்!

தம்பியையே இரையாக வைத்தாளே என்று உங்களுக்கு உறுத்தலாம். கதைக்குள்ளும் அது உறுத்துகிறது. டிஃபனிக்குத் தம்பி மேல் அப்படியொன்றும் உருக்கமான பாசம் கிடையாது. எந்நேரமும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு அழுகிற பிள்ளை. ஆனால் தேவதை உலகத்து ராணி அவனைத் தூக்கிக்கொண்டு போனதும், அவனை மீட்க அவளே கிளம்புகிறாள். பாசம் பொங்கி இல்லை. அவன் என் தம்பி, அவனைத் தூக்கிப்போக நீ யார் என்ற கோபத்தில். பாசத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசும் சிறுவர் புத்தகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குத் தம்பி தங்கை மேல் எரிச்சல் வருவது சகஜம். அதை மறைக்காமல் சொல்லி, அதற்காக அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றாமல் கதை நகர்கிறது.

இனி மந்திரத்துக்கு வருகிறேன். மிஸ் டிக் என்ற சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். ஊர் ஊராகப் போகும் ஆசிரியர்கள் கூட்டத்தோடு ஊருக்குள் நுழைகிறாள். அந்த ஊரில் காய்கறி, முட்டை கொடுத்துப் பாடம் கேட்கலாம். சூனியம் கற்றுத்தரும் பள்ளி எங்கே இருக்கிறது என்று டிஃபனி அவளிடம் கேட்கிறாள். உயரமான இடத்துக்குப் போய்க் கண்ணைத் திறந்து பார், அப்புறம் இன்னொரு தடவை கண்ணைத் திற என்று பதில் வருகிறது. டிஃபனிக்கு இருக்கும் முதல் சக்தி, எதிரே இருப்பதை இருக்கிறபடியே பார்ப்பது. இருக்க வேண்டும் என்று மனசு எதிர்பார்ப்பதை அவள் பார்ப்பதில்லை. இரண்டாவது சக்தி, தான் யோசிப்பதைத் தானே ஒரு ஓரமாக நின்று கவனிப்பது. இவ்வளவுதான் அவளுடைய மூலதனம். மற்ற நாவல்களில் நாயகிக்கு ரத்தத்திலேயே சக்தி இருக்கும், பிறக்கும்போதே யாராவது ஆரூடம் சொல்லியிருப்பார்கள். இங்கே சக்தி கவனத்திலிருந்து வருகிறது. நம்மால் முடியாது என்று எந்தக் குழந்தையும் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதில்லை. அகராதியை முதல் பக்கத்திலிருந்து கதைப்புத்தகம் மாதிரிப் படித்து முடித்தவள் டிஃபனி. அப்படிப் படிக்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை!

அந்தக் கவனம் எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட, ஸ்னாப்பர்லி என்ற கிழவியின் கதை உள்ளே வருகிறது. காட்டோரம் தனியாக இருந்தவள். பல் இல்லை, பூனை ஒன்று உண்டு, தனக்குத்தானே பேசிக்கொள்வாள். அந்தப் பகுதியை ஆளும் பிரபுவின் மகன் ரோலண்ட் காணாமல் போனதும், சூனியக்காரிதான் ஏதோ செய்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டுகிறது. பூனையைக் கொல்கிறார்கள், வீட்டையும் விட்டுவைக்கவில்லை. யாரும் சேர்த்துக்கொள்ளாததால் கிழவி பனியில் செத்துப்போகிறாள். கதைப் புத்தகங்களில் சூனியக்காரி பிள்ளைகளை அடுப்பில் வைத்துச் சுடுவாள் என்று இருக்கிறது, சரி. இந்தக் கிழவியின் அடுப்பில் ஒரு பையன் அடங்குவானா என்று யாராவது எட்டிப் பார்த்தார்களா? டிஃபனி சூனியக்காரி ஆக வேண்டும் என்று முடிவெடுப்பது இந்த இடத்திலிருந்துதான். இனி ஒரு கிழவிக்கும் இப்படி நடக்கக் கூடாது. ரோலண்டுக்கு உண்மையில் என்ன ஆனது என்பது பிறகு தெரியவரும்போது, ஊர் செய்த அநியாயம் இன்னும் கனமாக மேலே வந்து விழும். இந்தப் பகுதியை வாசிக்கும்போது நீங்கள் கூடவே இருங்கள். மகள் கேள்வி கேட்பாள். கேட்க வேண்டும்.

நாவலின் உயிர் என்று நான் நினைப்பது டிஃபனியின் பாட்டியை. ஏக்கிங் பாட்டி கதை தொடங்குவதற்கு முன்பே இறந்துவிட்டார். குன்றின் மேல் சக்கரம் வைத்த குடிசை, தண்டர், லைட்னிங் என்று இரண்டு நாய்கள், புகையிலை வாசனை, அதிகம் பேசாத சுபாவம். ஒருமுறை பிரபுவின் வேட்டை நாய் ஓர் ஆட்டைக் கொன்றுவிடுகிறது. ஆட்டைக் கொன்ற நாயைக் கொல்ல வேண்டும் என்பது சட்டம். பிரபு வந்து கெஞ்சுகிறார். பாட்டி அவர் தரப்பில் நீட்டிய தங்கத்தைத் தொடவில்லை. குட்டி போட்ட தாய் ஆடு ஒன்றோடு அந்த நாயை ஒரே கொட்டகையில் அடைத்துவிடுகிறார். தன் குட்டியை நெருங்கவிடாமல் அந்த ஆடு முட்டிய முட்டில், நாய் அப்புறம் ஜென்மத்துக்கும் ஆட்டுப் பக்கம் திரும்பவில்லை. முடிந்தவர்கள் முடியாதவர்களுக்காகச் செய்ய வேண்டும், குரல் இல்லாதவர்களுக்காக யாராவது பேச வேண்டும் என்பது பாட்டியின் கொள்கை. டிஃபனி வளர்ந்தது அந்தக் கொள்கையில்தான்.

பாட்டியைப் பற்றி அவளுக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. சின்ன வயதில் சந்தையில் கிடைத்த பீங்கான் பொம்மை ஒன்றைப் பாட்டிக்குப் பரிசாகக் கொடுத்திருந்தாள். ஜரிகையும் ரிப்பனும் வைத்த நீலமும் வெள்ளையுமான கவுன் போட்ட ஆட்டிடைச்சி பொம்மை. கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, பழைய பூட்ஸோடு மழையில் ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்றும் பாட்டியிடம், இடைச்சி என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று குத்திக்காட்டிவிட்டோமோ என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் பாட்டியும் இல்லை. பாட்டி செத்தபோது தான் அழவில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. தேவதை ராணி அவளை அடிக்கும்போது மந்திரத்தால் அடிப்பதில்லை, இந்த இடங்களில்தான் அடிக்கிறாள். நீ தம்பியை நேசிக்கவில்லை, பாட்டிக்காக அழவில்லை, நீ ஒரு சுயநலக்காரி என்கிறாள். டிஃபனி அதை மறுக்கவில்லை. ஆமாம், இது என் மண், என் தம்பி, என் பாட்டி, இதையெல்லாம் நான் விடமாட்டேன் என்று அந்தச் சுயநலத்தையே ஆயுதமாக்குகிறாள். அந்தப் பக்கங்களை வாசிக்கையில் எனக்குக் குரல் உடைந்தது. பீங்கான் பொம்மைக்குப் பதில் எங்கே கிடைக்கிறது என்று சொல்லமாட்டேன், அது நீங்களே போய்ச் சேர வேண்டிய இடம்.

அவ்வளவும் கனமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், ஃபீகிள்கள் என்ற குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள். 6 அங்குல உயரம், நீல நிறத் தோல், சிவப்பு முடி. திருட்டும் சண்டையும் குடியும்தான் அவர்களுக்கு வாழ்க்கை. யாருக்கும் பயப்படாதவர்கள், வக்கீலைத் தவிர. அவர்களுடைய தலைவி சாகும் தறுவாயில் அந்தப் பதவியை டிஃபனியிடம் கொடுக்கிறாள். தலைவி என்றால் கூட்டத்தின் பெரியவன் ராப் எனிபடியைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முடியாது என்றால் அவமானம், சரி என்றால் ஒன்பது வயதில் கல்யாணம். டிஃபனி யோசித்து நாள் குறிக்கிறாள். ஒரு மைல் உயரக் கருங்கல் மலைக்கு வருஷம் ஒருமுறை ஒரு குருவி வந்து அலகைத் தீட்டும், அந்த மலை தேய்ந்து மணல் துகளாகும்போது கல்யாணம். ராப் எனிபடி முகத்தில் அப்படியொரு நிம்மதி! என் அக்கா மகள் கட்டிலில் உருண்டு சிரித்தாள்.

தேவதை உலகத்து விதிகளும் சுவாரசியம். அங்கே கனவு பின்னும் ஜந்துக்கள் உண்டு. கனவுக்குள் எதையாவது சாப்பிட்டுவிட்டால் வெளியே வரவே முடியாது. வென்ட்வொர்த்தை ராணி மலை போல் குவித்த மிட்டாய்களுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறாள், அவனோ அழுதுகொண்டிருக்கிறான். ஒன்றை எடுத்தால் மற்றதையெல்லாம் அந்த நேரத்துக்கு விட வேண்டியிருக்கிறதே! குழந்தை மனசை இவ்வளவு கிட்ட போய்ப் பார்த்தவர் பிராட்செட். கனவுக் காட்சிகளில் ஒன்று ரிச்சர்ட் டாட் என்ற ஓவியரின் படத்திலிருந்து வந்தது. லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையில் இருந்தபோது 1855 முதல் 1864 வரை அவர் வரைந்த சின்ன ஓவியம் அது. புல்லுக்கு நடுவே குட்டித் தேவதைகள் கூடியிருக்க, ஒருவன் ஒரு கொட்டையைப் பிளக்கக் கோடாரியை ஓங்கி நிற்கிறான். இப்போது டேட் காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் கூடுதல் சுகம்.

கதை நடக்கும் ‘சாக்’ என்ற ஊர்ப்பக்கம் கற்பனைதான், ஆனால் மண் நிஜம். தென் இங்கிலாந்தின் சாக், அதாவது சுண்ணாம்புக் கல் குன்றுகள்தான் அவை. கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து உருவான வெள்ளைக் கல், நடுநடுவே சக்கிமுக்கிக் கல், மேலே ஆடு மேய்ந்து மேய்ந்து கட்டையாகிப்போன புல். பிராட்செட் வில்ட்ஷயரில் அப்படிப்பட்ட குன்றுகளுக்கு நடுவில் பல வருஷம் வாழ்ந்தவர். காலடியில் ஒரு பழைய கடல் கிடக்கிறது என்ற அறிவியல் உண்மையே உச்சக்கட்டத்தில் டிஃபனிக்குப் பலமாகிறது. அடுத்த புத்தகத்தில் வரும், குன்றின் மேல் செதுக்கிய வெள்ளைக் குதிரை உருவமும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் அஃபிங்டன் குன்றில் இருக்கிறது. கிட்டத்தட்ட 3,000 வருஷப் பழசு, சுமார் 110 மீட்டர் நீளம்.

வாங்கும் முன் சில விஷயங்கள். இது பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நாவல் வரிசையில் 30ஆவது. பயப்பட வேண்டாம், முந்தைய 29இல் ஒன்றைக்கூடப் படித்திருக்கத் தேவையில்லை. ஃபீகிள்கள் பேசுவது ஸ்காட்லாந்துக் கொச்சை. கண்ணால் படித்தால் பத்து வயதுக்குத் தடுமாறும், வாய்விட்டுப் படித்தால் பாதிக்கு மேல் தானாகப் புரியும். அதனால் முதல் சில அத்தியாயங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அல்லது ஸ்டீஃபன் பிரிக்ஸ் வாசித்த ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தீக்கண்ணோடு வரும் கறுப்பு நாய்கள், தலையில்லாத குதிரைக்காரன் எல்லாம் உண்டு. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையாக இருந்தால் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஃபனிக்கு மொத்தம் 5 நாவல்கள். ‘எ ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்கை’ 2004இல் வந்தது, அதை உடனே கொடுக்கலாம். 2006இல் வந்த ‘வின்டர்ஸ்மித்’தில் அவளுக்கு 13 வயதாகிறது, மகளும் அந்த வயதை நெருங்கும்போது கொடுங்கள். 2010இல் வந்த ‘ஐ ஷேல் வேர் மிட்நைட்’டை மட்டும் கண்டிப்பாகத் தள்ளி வையுங்கள். அப்பன் அடித்த அடியில் ஒரு சின்னப் பெண்ணின் கரு கலைவது தொடக்கத்திலேயே வருகிறது. மிக நல்ல நாவல், ஆனால் பத்து வயதுக்கு உரியதல்ல. முதலில் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைசிப் புத்தகமான ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’, பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்த பிறகு அதே ஆண்டில் வெளிவந்தது. அல்சைமர் வகை நோய் இருப்பது 2007இல் தெரிந்த பிறகும், தட்டச்சு முடியாமல் போனபோது சொல்லச் சொல்ல எழுத வைத்து நாவல்களை முடித்தவர். அந்தக் கடைசிப் புத்தகத்தை அதற்கு முந்தைய நான்கையும் முடித்த பிறகே மகள் கையில் கொடுங்கள்.