இலக்கு வாக்கியம்

அன்புள்ள ஐயா,

முதுகலை வரலாறு முடிக்கப்போகிறேன். முனைவர் பட்ட விண்ணப்பத்தோடு நோக்க அறிக்கை கேட்கிறார்கள். முதல் வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: “கல்வியில் உயர்ந்த இலக்குகளை எட்டி, வரலாற்றுத் துறையில் சிறந்த ஆய்வாளராக விளங்கி, சமுதாயத்திற்குப் பயன்பட வேண்டும் என்பதே என் இலட்சியம்.” ‘உயர்ந்த’ என்பதை ‘உன்னத’ என்று மாற்றலாமா? இலக்கா, குறிக்கோளா? எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம். சோழர் காலத்து ஏரி நிர்வாகத்தில் ஆர்வம் உண்டு.

க.

அன்புள்ள க.,

இலக்கு, குறிக்கோள் இரண்டும் சரிதான். ‘உன்னத’ வேண்டாம். இந்த வாக்கியத்தை அப்படியே ஒரு வேதியியல் மாணவர் தன் விண்ணப்பத்தில் ஒட்டலாம்; ‘வரலாற்று’ என்ற ஒரு சொல்லை மாற்றினால் போதும். உரிச்சொல்லை எவ்வளவு மெருகேற்றினாலும் அந்தக் குறை போகாது. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது அதில் இல்லை.

அது உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) என்றதும் எல்லோரும் குடவோலையை, அதாவது ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஆள் தேர்ந்தெடுத்த முறையைத்தான் பேசுவார்கள். அப்படி ஏரி வாரியத்துக்கு, அதாவது ஏரியைக் கவனிக்கும் குழுவுக்குத் தேர்வான 6 பேர் ஏரிக்கு என்ன செய்தார்கள்? பல்லவர் காலத்து உத்திரமேரூர் ஏரியான வயிரமேகத் தடாகத்தைத் தூர் வார யார் பணம் கொடுத்தார்கள், கணக்கை யார் வைத்தார்கள்? இந்தக் கேள்விகள் உங்களுக்குள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இப்படி எழுதிப் பாருங்கள்:

“உத்திரமேரூர் வட்டாரக் கல்வெட்டுகளில் ஏரி பற்றி வரும் செய்திகளைத் தொகுத்து, பராமரிப்புச் செலவும் பொறுப்பும் யாரைச் சேர்ந்தன என்று கண்டறிய விரும்புகிறேன்.”

இனி வினைச்சொற்களைப் பாருங்கள்; தேர்வாளர் கண் அங்கேதான் நிற்கும். ‘தொகுத்து’ என்பது நீங்கள் செய்யப்போகும் வேலைதானா? அச்சான தொகுதிகளை வைத்து வேலை செய்வதானால் அது போதும். மைப்படிகளை (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படிகள்) நீங்களே வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ‘மைப்படிகளிலிருந்து நேரடியாகப் படித்து’ என்று போடுங்கள், வாக்கியத்தின் கனம் உடனே கூடும். பல்லவர் காலச் செய்தியையும் சோழர் காலச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால் ‘ஒப்பிட்டு’. ‘ஆராய்ந்து’ என்று மட்டும் எழுதாதீர்கள். விண்ணப்பிக்கும் எல்லோரும் ஆராயத்தான் போகிறார்கள்.

‘விளங்கி’ தேவையில்லை. சிறந்த ஆய்வாளர் என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

சமுதாயத்திற்குப் பயன்படுவது நல்ல ஆசை, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. எப்படி என்று சொல்லுங்கள். ஆய்வில் கிடைத்ததை உங்கள் ஊர் ஏரிப் பாசன விவசாயிகளுக்குச் சிறு நூலாக எழுதித் தருவீர்களா? தருவதாக இருந்தால் அதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடலாம். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

கல்வெட்டுகளில் வரும் பழைய தமிழ் எழுத்தோ கிரந்த எழுத்தோ வாசிக்கப் பழகியிருந்தால் அதையும், எங்கே பழகினீர்கள் என்பதையும் இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். திருத்திய பிரதியை அனுப்பினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.